சொல்லாமல் விட்ட கேம்களும் சொல்லித் தொலைத்த கேம் ஒன்றும்

நான் தொழிலால் கணக்குத் தணிக்கையாளன். பகல் முழுக்க அடுத்தவர் எழுதிய பேரேட்டில் எது விடுபட்டிருக்கிறது என்று தேடுகிற ஆள், இரவில் கேம் ஆட உட்கார்ந்தாலும் அதையேதான் தேடுவான் போல. துப்பாக்கிச் சண்டையில் என் கை மந்தம். கார் ரேஸில் சுவர்தான் எனக்கு பிரேக். ஆனால் ஒரு கேம் எதையோ மறைத்து வைத்துக்கொண்டு "கண்டுபிடி பார்க்கலாம்" என்று நின்றால் போதும், தூக்கம் போய்விடும். என் அக்கா மகன் இதற்கு நேர் எதிர். அவனுக்கு விரல் வேகம்தான் முக்கியம். கதை வருகிற இடங்களில் பட்டனை அழுத்தித் தாண்டிவிடுவான். "மாமா, நீங்க ஆடுறது கேமா, பரீட்சையா?" என்று கேட்பவன்.

அண்மையில் ஆடிய சிலவற்றைப் பற்றித்தான் இது. புதியதும் உண்டு, மற்றவர்கள் எப்போதோ முடித்துவிட்டுப் போன பழையதும் உண்டு. மதிப்பெண் போடவில்லை. எல்லாவற்றிலும் நான் பார்த்தது ஒன்றைத்தான்: ஆடுபவனுக்கு எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது, மறைத்ததில் நியாயம் இருக்கிறதா. முடிச்சு எதையும் இங்கே அவிழ்க்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

முதலில் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. 2018இல் வந்தது, லூக்கஸ் போப் என்ற ஒரே ஆள் உருவாக்கியது. இதற்கு முன் 2013இல் அவர் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமில் நீங்கள் எல்லைச் சாவடியில் உட்கார்ந்து பாஸ்போர்ட் சரிபார்க்கும் அதிகாரி. இதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். இந்த மனிதருக்கு அலுவலக வேலை மீது என்ன அப்படி ஒரு காதலோ தெரியவில்லை, என்னைப் போன்றவர்களுக்கு அது அதிர்ஷ்டம்.

1802இல் லண்டனிலிருந்து கிளம்பிய ஓப்ரா டின் என்ற வணிகக் கப்பல் காணாமல் போகிறது. 1807 அக்டோபரில் ஒரு காலை, கிழிந்த பாய்களோடு ஃபால்மத் துறைமுகத்துக்குள் தானாக மிதந்து வருகிறது. உயிரோடு ஒருவரும் கண்ணில் படவில்லை. உங்களிடம் இருப்பவை ஒரு புத்தகமும் ஒரு பாக்கெட் கடிகாரமும். ஒரு சடலத்தின் அருகில் நின்று கடிகாரத்தைத் திறந்தால், முதலில் திரை இருண்டு அந்த ஆளின் கடைசி நொடிகளின் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு அவர் செத்த அந்தக் கணம் சிலையாக உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து, குனிந்து, சுற்றிப் பார்க்கலாம். எதையும் தொட முடியாது. கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், எப்படிச் செத்தார், கொன்றது யார் என்று புத்தகத்தில் நிரப்ப வேண்டும். கேம் அவ்வளவுதான்.

பெயர் யாருடைய நெற்றியிலும் எழுதியிருக்காது. கையில் இருப்பது ஆட்களின் பட்டியல்: வரிசை எண், பெயர், பதவி, சொந்த நாடு. அப்புறம் கப்பல் வாழ்க்கையை வரைந்த சில படங்கள். மீதியெல்லாம் உங்கள் கண்ணும் காதும். ஒருவர் பேசும் ஆங்கிலத்தின் சாயல், தூங்கும் தொங்கு படுக்கையில் குத்தியிருக்கும் எண், காலில் என்ன செருப்பு, சாப்பிடும்போது யார் பக்கத்தில் யார். ஒரு காட்சியின் முன்பக்கத்தில் கத்திக்குத்து நடந்துகொண்டிருக்கும், உங்களுக்குத் தேவையான தடயமோ பின்னால் எங்கோ ஒரு கதவிடுக்கில் நிற்கும் ஆளிடம் இருக்கும். எல்லோரும் பார்க்கும் இடத்தைப் பார்க்காதே என்று எங்கள் தொழிலில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்வோம். அதை வைத்தே ஒரு முழு கேம்.

நான் அசந்துபோனது இதன் சரிபார்க்கும் முறையில். நீங்கள் எழுதியது சரியா தவறா என்று ஒவ்வொன்றாகச் சொல்லாது. மூன்று பேரின் விவரம் முழுக்கச் சரியாக இருந்தால்தான் அந்த மூன்றையும் சேர்த்து உறுதி செய்து அச்சடித்துவிடும். ஒவ்வொன்றாக உறுதி செய்தால், பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டு யார் வேண்டுமானாலும் முடித்துவிடலாம். மொத்தமாக 60ஐயும் முடித்தால்தான் சொல்வேன் என்றால் ஒருவரும் முடிக்க மாட்டார்கள். மூன்று என்பது நடுவில் சரியாக விழுந்த இடம். அதிலும் ஒரு சிறு சந்து விட்டிருக்கிறார்: இரண்டு பேர் நிச்சயமாகத் தெரிந்தால் மூன்றாவது ஆளை ஊகித்து விளையாடிப் பார்க்கலாம். கடைசி மாலுமிகள் சிலரை நான் அப்படித்தான் முடித்தேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இன்னொரு நேர்மை, ஒரு முகத்தை அடையாளம் காணப் போதுமான தடயம் கிடைக்கும் வரை புத்தகத்தில் அந்த முகம் மங்கலாகவே இருக்கும். "இன்னும் நேரம் வரவில்லை, இங்கே மண்டையை உடைத்துக்கொள்ளாதே" என்று சொல்லும் அந்த ஒரு குறிப்பு எவ்வளவு இரவுகளைக் காப்பாற்றும்.

படம் முழுவதும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள், சாம்பல் நிறம்கூடக் கிடையாது. செட்டிங்ஸில் போனால் பழைய மேக்கின்டாஷ், கொமடோர் கணினித் திரைகளின் சாயலுக்கு மாற்றிக்கொள்ளலாம். முதல் சில நிமிடம் என்ன பார்க்கிறோம் என்றே புரியாது, அப்புறம் பழகிவிடும். ஆனாலும் நீண்ட நேரம் பார்த்தால் கண் உறுத்துகிறது. என் உண்மையான குறை வேறு. ஏற்கெனவே பார்த்த காட்சி ஒன்றைத் திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் கப்பலில் அந்தச் சடலம் கிடக்கும் தளம் வரை நடந்தே போக வேண்டும். புத்தகத்தின் பக்கத்திலிருந்தே நேராகத் தாவ வழியில்லை. சந்தேகம் வந்த ஒரே ஒரு தொப்பியைப் பார்ப்பதற்காக நான்கு தளம் ஏறி இறங்குவது எந்த வகை மர்மம்? இதை மறைப்பு என்று சொல்ல முடியாது, வெறும் நடை.

'அவுட்டர் வைல்ட்ஸ்' பற்றிப் பேசுவது கடினம், ஏனென்றால் அதில் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது. பெயரைக் கவனித்து வாங்குங்கள். அதே 2019இல் 'அவுட்டர் வேர்ல்ட்ஸ்' என்று வேறொரு துப்பாக்கி கேம் வந்தது. அக்கா மகன் முதலில் அதைத்தான் இறக்கி வைத்திருந்தான், "நல்லாத்தான் இருக்கு மாமா" என்று முடித்தும் விட்டான். நான் சொல்வது வைல்ட்ஸ். அலெக்ஸ் பீச்சம் என்பவர் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய வேலை, மோபியஸ் டிஜிட்டல் நிறுவனத்தின் மூலம் முழு கேமாக வளர்ந்தது. 2020இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த கேம் விருது வாங்கியது.

ஒரு சின்னச் சூரியக் குடும்பம். கையளவு கோள்கள். மரத்தால் அடித்த உங்கள் விண்கலம். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் சாம்பலாகும். பிறகு அதே முகாம் தீயின் பக்கத்தில் மறுபடி கண் விழிப்பீர்கள். ஆயுதம் இல்லை, லெவல் ஏறுவது இல்லை, வாங்குவதற்குக் கடை இல்லை. முதல் சுற்றில் உங்களிடம் இருக்கும் கருவிகள்தான் கடைசிச் சுற்றிலும். விஷயம் தெரிந்தவர் ஒரே சுற்றில் முடித்துவிடலாம். நீங்கள் முடிக்காததற்கு ஒரே காரணம் உங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்பதுதான். எந்தக் கதவும் உண்மையில் பூட்டியிருக்கவில்லை என்று புரிகிற நேரத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

கோள்கள் ஒவ்வொன்றும் கடிகாரம்போல ஓடிக்கொண்டே இருக்கின்றன, நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். ஒரு கோளின் நடுவில் கருந்துளை, மேல் ஓடு துண்டு துண்டாக அதற்குள் விழுந்துகொண்டிருக்கும். இன்னொன்று முழுக்கக் கடல். அதன் சூறாவளிகள் தீவுகளையே தூக்கி விண்வெளிக்கு எறிந்து, திரும்பப் பிடிக்கும். ஒன்றையொன்று சுற்றும் இரட்டைக் கோள்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் குகைகள் மூட மூட, மறுபக்கம் கோபுரங்கள் வெளியே வரும். எங்கே போவது என்பதோடு எந்த நிமிடத்தில் போவது என்பதும் கேள்வி. சிக்னல் கருவியை வானத்தில் திருப்பினால், ஒவ்வொரு கோளிலும் தனியாக உட்கார்ந்திருக்கும் பயணிகள் வாசிக்கும் பாஞ்சோ, புல்லாங்குழல், ட்ரம்ஸ், ஹார்மோனிகா எல்லாம் தொலைவிலிருந்து கேட்கும். எல்லோரும் ஒரே பாட்டைத்தான் வாசிக்கிறார்கள். ஆண்ட்ரூ ப்ராலோவின் இசை.

எனக்கு மிகவும் பிடித்த பாகம் விண்கலத்தில் இருக்கும் பதிவேடு. நீங்கள் படித்ததையெல்லாம் அதுவே ஒழுங்காகக் கட்டம் போட்டு, எதற்கும் எதற்கும் தொடர்பு என்று கோடு இழுத்து வைக்கும். ஓர் இடத்தில் இன்னும் பார்க்காதது மிச்சம் இருந்தால் அதையும் குறிக்கும். ஆனால் அதிலிருந்து முடிவுக்கு வருவது மட்டும் உங்கள் வேலை. தரவை மறைக்காதே, முடிவை மட்டும் எழுதாதே. இப்படி ஒரு பதிவேடு எல்லா அலுவலகத்திலும் இருந்தால் என் வேலை பாதியாகும்.

குறை இல்லாமல் இல்லை. விண்கலத்தை ஓட்டுவது ஆரம்பத்தில் பெரும்பாடு. வேகம் எடுத்தால் தானாகக் குறையாது, எதிர்த் திசையில் நீங்களே தள்ள வேண்டும். ஆட்டோபைலட் இருக்கிறது, ஆனால் அதற்கு நேர்கோடு மட்டும்தான் தெரியும். நடுவில் சூரியன் இருந்தால் சூரியனுக்குள்ளேயே மரியாதையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மணல் குறைவதற்காகக் காத்திருக்க வேண்டிய இடங்கள் பொறுமையைச் சோதிக்கும், தீயின் பக்கத்தில் தூங்கி நேரத்தைத் தள்ளலாம் என்பதை நினைவில் வையுங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆடுவது நல்லது. கன்ட்ரோலர் இருந்தால் அதை எடுங்கள். பனிமூட்டம் நிறைந்த ஒரு முள்செடிக் கோள் இருக்கிறது, அங்கே நான் விட்ட சத்தத்துக்கு வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். 2021இல் வந்த 'எக்கோஸ் ஆஃப் தி ஐ' என்ற கூடுதல் பாகம் அதைவிட இருட்டு. பயத்தைக் குறைக்கும் செட்டிங் ஒன்று உண்டு. நான் அதை ஆன் செய்துதான் ஆடினேன்.

இங்கே ஒரு பெரிய கம்பெனியின் திறந்த உலக கேம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். மலை, காடு, கோட்டை எல்லாம் கண்ணைப் பறிக்கும். ஆனால் மேப்பைத் திறந்தால் ஊர் முழுக்கக் குறியீடுகள். புதிர் அறைக்குள் நுழைந்து சுற்றிப் பார்ப்பதற்குள் கூட வரும் பாத்திரம் "அந்தச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தால் என்ன?" என்று கத்துகிறது. இன்னும் சக்கரமே கண்ணில் படவில்லை ஐயா. தனியாக ஆடும் கேமுக்கு இணைய இணைப்பும் அக்கவுன்ட்டும் வேறு கேட்டது. பாதியில் அழித்துவிட்டேன். வட்டில் 100 ஜிபிக்கு மேல் இடம் காலியானதுதான் அது எனக்குத் தந்த மிகப் பெரிய மகிழ்ச்சி.

அந்த இடத்தில் நான் போட்டது 'அனிமல் வெல்'. 2024இல் வந்தது, பில்லி பாசோ என்ற தனி ஆளின் வேலை, அளவு 40 எம்பிக்கும் குறைவு. இருட்டில் ஒளிரும் பிக்சல் காடு, ஒரு வார்த்தை உரையாடல் இல்லை. ஒரு பொருள் கிடைத்தால் அதன் பயன் என்ன என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஒன்றுக்கு மூன்று பயன் இருக்கும். இறுதி வரை போனேன். அதற்கும் கீழே இன்னும் அடுக்கு அடுக்காக ரகசியங்கள் உண்டு, அவை என் பொறுமைக்கு அப்பாற்பட்டவை.

இனி 'ப்ளூ பிரின்ஸ்'. 2025 ஏப்ரலில் வந்தது. டோண்டா ரோஸ் என்பவரின் டோகுபாம்ப் ஸ்டூடியோ பல ஆண்டு உழைத்துச் செய்தது. பெரிய தாத்தா உயில் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்: 45 அறைகள் கொண்ட மாளிகையில் 46ஆவது அறையைக் கண்டுபிடித்தால் வீடு உனக்கு. அகலம் 5, நீளம் 9 என்று கட்டங்கள். ஒரு கதவைத் திறக்கப் போனால் மூன்று அறைகளின் வரைபடம் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கதவுக்குப் பின்னால் அந்த அறைதான் இருக்கும். இப்படி நீங்களே வீட்டைக் கட்டிக்கொண்டு வடக்கே போக வேண்டும். நாளுக்கு 50 அடிகளோடு தொடங்குகிறீர்கள், ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் ஒன்று குறையும். தீர்ந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. மறுநாள் வீடு மறுபடி வெறும் கட்டங்கள்.

பேனாவும் நோட்டும் இல்லாமல் இதை ஆடவே முடியாது. கேம் உங்களுக்காக எதையும் குறித்து வைக்காது. சுவரில் மாட்டிய படம், கடிதத்தின் தேதி, மேசை மேல் இருக்கும் சதுரங்கக் காய், எது அலங்காரம் எது தடயம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் எழுதினேன். அலுவலகத்தில்கூட நான் இவ்வளவு அழகாக எழுதியதில்லை.

சின்னப் புதிர்களில் எனக்குப் பிடித்தது வரவேற்பறையின் மூன்று பெட்டிகள். நீலம், வெள்ளை, கறுப்பு. ஒன்றில் மட்டும் ரத்தினங்கள். பெட்டிகளின் மேல் வாசகங்கள். விதி இது: ஒரு பெட்டியாவது உண்மை சொல்லும், ஒரு பெட்டியாவது பொய் சொல்லும். நானே ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். நீலம் "இங்கே இல்லை" என்கிறது. வெள்ளை "நீலத்தில் இல்லை" என்கிறது. கறுப்பு "இங்கேதான்" என்கிறது. நீலத்தில் இருந்தால் மூன்றும் பொய், விதி உடைகிறது. கறுப்பில் இருந்தால் மூன்றும் உண்மை, அதுவும் கூடாது. ஆக வெள்ளை. இது சும்மா ஆரம்பப் பாடம். போகப் போக வாசகங்கள் ஒன்றையொன்று பற்றியே புறம் பேச ஆரம்பிக்கும்.

எரிச்சல் எங்கே வந்தது என்றால், விடை தெரிந்த பிறகு. பாய்லர் அறையிலிருந்து நீராவி இன்னோர் அறைக்குப் போக வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டேன் என்று வையுங்கள். இரண்டு அறையும் ஒரே நாளில், குழாய் சரியாகத் தொடும்படி எனக்கு வர வேண்டும். ஒரு நாள் ஒன்று வரும், மறுநாள் மற்றது வரும். தெரியாமல் தோற்பது கேம். தெரிந்தும் சீட்டு விழவில்லை என்பதற்காகத் தோற்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே சமயத்தில் நான்கைந்து மர்மங்களைத் துரத்து, எது வருகிறதோ அதைச் செய் என்று இதை ரசிப்பவர்கள் பதில் சொல்வார்கள். பாதி நியாயம். ஆரம்பத்தில் அந்தப் பதில் சரியாகவே வேலை செய்கிறது, ஒரு நாள்கூட வீணாகாது. ஆனால் முதல் முடிவைத் தாண்டிய பிறகு மிச்சமிருப்பவை ஒன்றிரண்டு மர்மங்கள்தான், அப்போது காத்திருப்பு மட்டுமே மிஞ்சுகிறது. 46ஆவது அறை வரை தாராளமாகப் பரிந்துரைப்பேன். அதற்குப் பின்னால் பெரும் பாதாளமே இருக்கிறது, போகிறவர்கள் போகலாம்.

அதே அதிர்ஷ்டத்தை 'பலாட்ரோ'வில் நான் ஏன் பொறுத்துக்கொள்கிறேன் என்று எனக்கே கேள்வி. 2024 பிப்ரவரியில் வெளியானது, லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் இருக்கும் ஒரே ஆள் எழுதியது. சாதாரணச் சீட்டுக்கட்டு, போக்கர் கைகள் (அதாவது சீட்டுச் சேர்க்கைகள்), அவற்றோடு விதிகளை வளைக்கும் 150 ஜோக்கர்கள். மதிப்பெண் கணக்கு இரண்டு எண்களின் பெருக்கல்: இடப்பக்கம் சிப்ஸ் என்ற புள்ளிகள், வலப்பக்கம் மல்ட் என்ற பெருக்கும் எண்.

ஒரு கணக்குப் போடுவோம். ஃப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே சின்னச் சீட்டுகள் என்றால் அடிப்படை 35 சிப்ஸ், 4 மல்ட். கையில் ஆட்டினில் (இதயச் சின்னம்) ஏஸ், ராஜா, 9, 7, 4. சீட்டுகளின் மதிப்பு 11, 10, 9, 7, 4, மொத்தம் 41. 35ஐச் சேர்த்தால் 76. நான்கால் பெருக்கினால் 304. முதல் சுற்றின் இலக்கு 300, ஒரே கையில் தாண்டிவிட்டீர்கள். இப்போது மல்ட்டில் 4 கூட்டும் சாதா ஜோக்கர் ஒன்று வாங்கினால் 608. ஃப்ளஷ் ஆடினால் மல்ட்டை இரண்டால் பெருக்கும் 'தி ட்ரைப்' ஜோக்கரும் கிடைத்தது என்றால், கூட்டும் ஜோக்கரை இடப்பக்கம் வைத்தால் 1,216. இடம் மாற்றி வைத்தால் 912. ஜோக்கர்கள் இடமிருந்து வலமாக வேலை செய்வதால் வரும் வித்தியாசம். கேம் இந்த விடையை முன்கூட்டிக் காட்டாது. கையின் அடிப்படை எண்களை மட்டும் காட்டிவிட்டு, ஜோக்கர்கள் என்ன செய்யும் என்பதை உங்கள் தலைக்கே விட்டுவிடும். ஆடு பட்டனை அழுத்திய பிறகு எண்கள் குதித்து ஏறுவதைப் பார்க்க வேண்டும், முடிவில் தீப்பற்றி எரியும்.

இங்கே மறைப்பு நியாயமானது, கணக்குப் போட வேண்டிய எல்லா எண்ணும் திரையில் இருக்கிறது. போடச் சோம்பேறித்தனம் என்றால் குத்துமதிப்பாக ஆடலாம். அதோடு ஆட்டம் குறுகியது. அதிர்ஷ்டம் கைவிட்டால் நட்டம் சில நிமிடங்கள், ஒரு மாலைப் பொழுதின் கண்டுபிடிப்பு அல்ல. தணிக்கையாளனுக்கென்றே செய்ததுபோல வட்டியும் உண்டு. சுற்று முடியும்போது கையில் இருக்கும் ஒவ்வொரு 5 டாலருக்கும் 1 டாலர் வட்டி, உச்சம் 5 டாலர். அதனால் 25 டாலர் சேரும் வரை கடையில் எதையும் வாங்காமல் கஞ்சனாக இருக்கத் தோன்றும். 'பாஸ்' எனப்படும் கடினச் சுற்றுகள்தான் என் கழுத்தைப் பிடிப்பவை. ஆட்டின் சீட்டெல்லாம் செல்லாது, ராஜா ராணி செல்லாது, ஒரே ஒரு கைதான் ஆடலாம் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. நீங்கள் ஒரே தந்திரத்தில் கட்டிய கோட்டையை அது தேடி வந்து இடிக்கும்.

போக்கர் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு: இதில் பணம் வைத்து ஆடுவது கிடையாது, எதிரில் ஆளும் கிடையாது. ஐரோப்பாவின் வயதுத் தரநிர்ணய அமைப்பான பெகி இதற்கு 18 என்று முத்திரை குத்தி, மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் 12 ஆக்கியது. நேரத்தை விழுங்கும் ஆபத்து மட்டும் எந்த முத்திரையிலும் இல்லை. அக்கா மகனும் நானும் ஒன்றாக ரசித்த ஒரே கேம் இதுதான். அவன் கணக்கே போடாமல் ஆடி என்னைவிட மேலே போகிறான், அதைப் பற்றி இங்கே மேலும் பேச விரும்பவில்லை.

அவன் வற்புறுத்தி ஆட வைத்தது 'க்ளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பிடிஷன் 33'. பிரான்ஸின் மோன்பெலியே நகரத்து சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் செய்தது, 2025இன் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம். ஓவியப் பெண் ஒருத்தி ஆண்டுக்கு ஒருமுறை ஓர் எண்ணை எழுதுவாள், அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் பூவிதழாகக் காற்றில் கரைந்துவிடுவார்கள். எண் ஆண்டுதோறும் ஒன்று குறைகிறது. கதை தொடங்கும்போது 33. முதல் அரைமணி நேரம் எந்த அவசரமும் இல்லாமல் பிரிவு சொல்லும் மனிதர்களைக் காட்டுகிறது, எனக்குத் தொண்டை அடைத்தது. சண்டை மாறி மாறி முறை வைத்து நடப்பது, எனக்கு ஏற்றது என்று நினைத்தேன். எதிரி அடிக்கும்போது சரியான நொடியில் பட்டனை அழுத்தித் தடுக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. எதிரிகள் வாளை ஓங்கி, நிறுத்தி, நாம் பதறி அழுத்திய பிறகு இறக்குகிறார்கள். அந்த நேரத்தை அடி வாங்கித்தான் கற்க வேண்டும். "கண்ணை நம்பாதீங்க மாமா, சத்தத்தைக் கேளுங்க" என்றான் அவன். சத்தத்தைக் கேட்டேன், அப்போதும் அடி விழுந்தது. ஸ்டோரி என்ற எளிய நிலைக்கு மாற்றியதும் நிம்மதி.

இதில் ஒரு தயக்கம். ஊர்களுக்கும் குகைகளுக்கும் உள்ளே மினிமேப், அதாவது திரை ஓரத்தில் வழி காட்டும் சின்ன வரைபடம், கிடையாது. பாதைகள் ஒன்றுபோலவே அழகாக இருப்பதால் வந்த வழியிலேயே திரும்பி நடந்திருக்கிறேன். உலகத்தை ரசிக்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டிருக்கலாம். ஆனால் வழி தெரியாமல் நிற்பதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. இசைக்காகவும் நடிப்புக்காகவும் இதையும் மன்னித்துவிட்டு முடித்தேன்.

எதையுமே மறைக்காத ஒன்றோடு நிறுத்துகிறேன். 'இன்டு தி ப்ரீச்', 2018, சப்செட் கேம்ஸ். எட்டுக்கு எட்டுக் கட்டம், உங்களிடம் மூன்று இயந்திர வீரர்கள், தரையைப் பிளந்து வரும் பூச்சிகள். பூச்சிகள் முதலில் நகர்ந்து, அடுத்து யாரை அடிக்கப் போகின்றன என்று வெளிப்படையாகக் காட்டிவிட்டுக் காத்திருக்கும். எவ்வளவு சேதம், எந்த வரிசையில், எல்லாம் திரையில். அதன் பிறகு உங்கள் முறை. இவ்வளவு தெரிந்தும் பத்து நிமிடம் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொல்வது முக்கியம் இல்லை, கட்டடங்களைக் காக்கத் தள்ளுவதுதான் முக்கியம். ஒரு பூச்சியை ஒரு கட்டம் நகர்த்தினால் அதன் அடி கட்டடத்தை விட்டு அதன் கூட்டாளி மேலேயே விழும். மூன்று ஆபத்து, இரண்டு நகர்வுதான் மீதி என்று தோன்றும் நிலையில், ஒரே தள்ளலில் இரண்டும் தீரும் வழி எங்கோ ஒளிந்திருக்கும். பல நேரம் இருக்கும், எல்லா நேரமும் இருக்காது.

அதிர்ஷ்டம் என்று இதில் கண்ணில் படுவது பெரும்பாலும் உங்கள் பக்கம்: கட்டடங்கள் அடியைத் தாங்கிக்கொள்ள ஆரம்பத்தில் 15 சதவீத வாய்ப்பு. திட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள், விழுந்தால் லாபம். நகர்த்தியதைப் பின்வாங்கலாம், அது போதாதென்றால் ஒரு சண்டைக்கு ஒருமுறை முழு முறையையே திரும்ப ஆடலாம். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, படமும் சுமார்தான், பழைய லேப்டாப்பில்கூட ஓடும். நான்கு தீவுகள் இருந்தாலும் இரண்டை முடித்தாலே இறுதிப் போருக்குப் போகலாம், புதிதாக ஆடுபவர்கள் அப்படியே செய்யலாம். 2022இல் இலவசமாக வந்த விரிவாக்கத்தில் புதிய வீரர் குழுக்களும் எதிரிகளும் உண்டு. பழைய குழுக்கள் பழகிய பிறகு அதைத் திறந்தால் போதும்.